சாலையோரத்துச் சுமைதாங்கி

காவிரிக் கடைமடையான காரைக்கால், நாகை வட்டாரத்துச் சாலையோரங்களில் ஒரு காலத்தில் சுமைதாங்கிக் கற்கள் நின்றன. நட்டுவைத்த இரண்டு கற்களின் மேல் குறுக்காக ஒரு பலகைக்கல், அவ்வளவுதான். உயரம் ஏறத்தாழ 4 அல்லது 5 அடி. அந்த உயரத்துக்குக் காரணம் உண்டு. தலைச்சுமையைத் தரையில் இறக்கினால், மறுபடி தூக்கிவிட இன்னொருவர் வேண்டும். தோள் உயரக் கல்லில் இறக்கினால், இளைப்பாறிவிட்டுத் தாமே தலைக்கு மாற்றிக்கொண்டு நடக்கலாம்.

வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக, அவள் இறக்கிவைக்காத சுமைக்கு ஈடாக இந்தக் கல்லை நடுவது தமிழகத்துக் குடும்பங்களின் வழக்கமாக இருந்தது. ஒரு வீட்டின் துயரம், ஊருக்கே உதவியாக நின்றது.

பேருந்தும் லாரியும் வந்தபின் தலைச்சுமை குறைந்தது. சாலைகள் அகலமானபோது, கற்களும் பெரும்பாலும் மறைந்தன.

ஆனாலும் படங்களில் அவை எஞ்சியிருக்கலாம்; உங்கள் வீட்டுப் பழைய புகைப்படங்களின் பின்னணியைக் கவனியுங்கள். சுமைதாங்கியோ, மாடுகள் நீர் குடித்த கல்தொட்டியோ, பழைய விளக்குக் கம்பமோ தெரிந்தால், வீதியின் பெயரையும் ஆண்டையும் பெரியவர்களிடம் கேட்டுப் படத்தின் பின்புறம் எழுதிவையுங்கள். ஊரின் வரலாற்றுக்கு அது நல்ல சான்று.