தேசியப் புதினம் எழுதும் மாதம்

தேசியப் புதினம் எழுதும் மாதம் என்பது, நவம்பர் மாதத்தின் 30 நாட்களுக்குள் 50,000 சொற்கள் கொண்ட ஒரு புதினத்தின் முதல் வரைவை எழுதி முடிக்கும் சவால் ஆகும். ஆங்கிலப் பெயரைச் சுருக்கி இதனை நானோரைமோ என்று அழைப்பர். பெயரில் "தேசிய" என்று இருந்தாலும், அமெரிக்காவில் தொடங்கிய இச்சவாலில் பல நாட்டவரும் பங்கேற்றனர். இதற்கு நடுவர் இல்லை, பரிசுப் பணமும் இல்லை. இலக்கை எட்டிய அனைவரும் வெற்றியாளர்களே.

வரலாறு

1999 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் கிறிஸ் பேட்டி என்பவர் தம் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு இதைத் தொடங்கினார். மொத்தம் 21 பேர். அவர்களில் ஆறு பேரே இலக்கை எட்டினர். மறு ஆண்டு சவால் நவம்பருக்கு மாற்றப்பட்டது. வானிலை மோசமாக இருக்கும் மாதம், வீட்டுக்குள் அமர்ந்து எழுதத் தோதானது என்பதே காரணம். அவ்வாண்டு 140 பேர் சேர்ந்தனர். 2001இல் ஏறத்தாழ 5,000 பேர்.

50,000 என்ற எண் எந்த இலக்கண நூலிலிருந்தும் வந்ததன்று. பேட்டி தம் அலமாரியில் இருந்தவற்றுள் சிறிய புதினமாகத் தோன்றிய, ஆல்டஸ் ஹக்ஸ்லியின் 'பிரேவ் நியூ வேர்ல்ட்' நூலின் அளவை உத்தேசமாகக் கணக்கிட்டு இதை வைத்தார்.

பின்னர் இதனை ஒரு இலாப நோக்கற்ற நிறுவனம் நடத்தியது. செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தி எழுதுவதை முற்றாகக் கண்டிக்க மறுத்து 2024 செப்டம்பரில் அந்நிறுவனம் வெளியிட்ட நிலைப்பாடு எழுத்தாளர்களிடையே கடும் எதிர்ப்பை எழுப்பியது; ஆலோசனைக் குழுவில் இருந்த சிலர் விலகினர். 2025 மார்ச் இறுதியில், பண நெருக்கடியைக் காரணம் காட்டி நிறுவனம் மூடப்படுவதாக அறிவிக்கப்பட்டது. ஆனால் சவாலை ஏற்க அந்நிறுவனம் கட்டாயத் தேவையன்று. தனியாகவோ நண்பர்களுடனோ எந்த மாதத்திலும் இதைச் செய்யலாம்.

எழுதும் முறை

50,000 சொற்களை 30 நாட்களுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 1,667 சொற்கள் வரும். இரண்டு நாள் விட்டுவிட்டால் மூன்றாம் நாள் 5,001 சொற்கள் எழுத வேண்டும். பலர் இடறுவது இந்தக் கணக்கில்தான். கதைச் சுருக்கம், பாத்திரக் குறிப்புகள் ஆகியவற்றை முன்னதாகவே தயாரிக்கலாம். கதையின் முதல் வரியை மட்டும் நவம்பர் 1ஆம் தேதிக்கு முன் எழுதக் கூடாது என்பது வழக்கம்.

முக்கியமான அறிவுரை, அந்த மாதத்தில் திருத்தக் கூடாது என்பதாகும். புதிதாக எழுதுபவர் முதல் அத்தியாயத்தையே ஐந்து முறை மாற்றி எழுதிக் களைத்துப் போவார். கதை இரண்டாம் அத்தியாயத்தைக் காணாது. பிழையான வாக்கியம் இருந்தால் இருக்கட்டும், டிசம்பரில் பார்த்துக்கொள்ளலாம். (பள்ளிக்கூடத்தில் சிவப்பு மையைப் பார்த்தே வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் வராது.) முதல் வார உற்சாகம் இரண்டாம் வாரத்தில் வடிந்துவிடும். அப்போது துணை தேவைப்படும் என்பதால், பங்கேற்பாளர்கள் நூலகங்களிலும் காப்பிக் கடைகளிலும் கூடி, பத்துப் பதினைந்து நிமிடம் கடிகாரம் வைத்துப் போட்டியாக எழுதுவதும் உண்டு.

எண்ணிக்கையைச் சரிபார்ப்பது நம்பிக்கையின் அடிப்படையில்தான் நடந்தது. ஒரே வரியை ஆயிரம் முறை ஒட்டினாலும் கணினி எண்ணிக்கொள்ளும். பரிசே இல்லாத இடத்தில் அப்படிச் செய்து பெறுவது ஏதுமில்லை. இயந்திரத்தை எழுதவிடுவதற்கு எதிராகப் பலர் கூறிய வாதமும் இதுவே.

மாத இறுதியில் கையில் இருப்பது வரைவு மட்டுமே, நூல் அன்று. சாரா குரூயனின் 'வாட்டர் ஃபார் எலிஃபண்ட்ஸ்' (2006), எரின் மார்கன்ஸ்டெர்னின் 'தி நைட் சர்க்கஸ்' (2011) ஆகியவை இச்சவாலில் முளைத்தவை. இரண்டாவது நூல் ஒன்றுக்கு மேற்பட்ட நவம்பர்களில் எழுதப்பட்டு, பலமுறை திருத்தப்பட்ட பிறகே அச்சேறியது.

தமிழில் எழுதுவோருக்கு

ஆங்கிலத்துக்கு வைத்த எண்ணிக்கையை அப்படியே தமிழுக்குக் கொண்டுவருவது பொருந்தாது. "வந்துகொண்டிருந்தவர்களுக்கும்" என்பது தமிழில் ஒரே சொல். இதன் பொருளை ஆங்கிலத்தில் சொல்ல ஏழெட்டுச் சொற்கள் வேண்டும். வேற்றுமை உருபு, காலம், இடம், எண் எல்லாம் ஒட்டிக்கொண்டு வருவதால், தமிழில் 50,000 சொற்கள் என்பது ஆங்கிலத்தைவிட மிகப் பெரிய கதையாகிவிடும். மேலும் "வந்து கொண்டிருந்த" என்று பிரித்து எழுதுபவருக்கு இரண்டு சொல், சேர்த்து எழுதுபவருக்கு ஒன்று. ஆகவே தமிழில் பக்கக் கணக்கோ, தினமும் ஒரு குறிப்பிட்ட நேரமோ வைத்துக்கொள்வது மேல்.

17 வயதுக்கு உட்பட்டோருக்கான பிரிவில் இலக்கை மாணவரே முடிவு செய்ய இடமிருந்தது. தேர்வும் வீட்டுப்பாடமும் உள்ள ஒரு மாணவர் நாளுக்கு 400 சொற்கள் எழுதினால்கூட, 30 நாளில் 12,000 சொற்கள் கொண்ட குறும்புதினம் ஒன்று அவர் கையில் இருக்கும்.