தூண்டிலுக்குப் புழு தேடி...

எங்கள் ஊர் தாம்பரத்துக்குக் கிழக்கே, ராஜகீழ்ப்பாக்கம். வேளச்சேரி சாலையில் பேருந்தில் போகிறவர்களிடம், இங்கே ஏரி மதகுத் தண்ணீரில் நெல் விளைந்தது என்று சொன்னால் சிரிப்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் என்று ஏரிக்கு ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்புக்குப் போகும். கலங்கல் வழிய ஆரம்பித்தால் எங்களுக்குப் பள்ளிக்கூடமாவது, பாடமாவது!

தூண்டில் கடையில் வாங்கும் பொருள் இல்லை அப்போது. வேலியோர மூங்கில் புதரில் பெருவிரல் தடிமனில், முற்றிய கழியாகப் பார்த்துத் தாத்தா வெட்டுவார். இளங்கழி காய்ந்தால் சுருங்கும், பூச்சி துளைக்கும். கணுவைச் சீவி, அடுப்புத் தணலில் வாட்டி, கோணல் இருக்கிற இடத்தை முழங்காலில் வைத்து மெல்ல அழுத்துவார். அவசரப்பட்டால் 'படக்'கென்று பிளந்துவிடும். அப்புறம் நுனியில் கல்லைக் கட்டி நிழலில் தொங்கவிடுவார். தினமும் போய்த் தொட்டுப் பார்த்துத் திட்டு வாங்குவேன். மயிலிறகுக் காம்புதான் தக்கை. நரம்பும் முள்ளும் மட்டும் காசு கொடுத்து வாங்கியது. தாத்தா காலத்தில் அந்த நரம்பும் இல்லை, மருள் நார்தானாம்.

புழுவுக்குப் பஞ்சமே கிடையாது. எருக்குழி ஓரம் மண்வெட்டியால் நாலு வெட்டு, கொட்டாங்குச்சி நிறைந்துவிடும். கெண்டை, கெளுத்தி, அதிர்ஷ்டம் இருந்தால் விரால்.

பிறகு யூரியா வந்தது, குருணை மருந்து வந்தது. குருணை தூவிய வயலில் புழுக்கள் மேலே வந்து நெளிந்து செத்துக் கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். தூவியதும் நாங்கள்தான், வேறு யாரைக் குறை சொல்ல? அப்புறம் வயலே மனையாகிவிட்டது. ஏரியில் இப்போது வீட்டுக் கழிவுநீர். 1952இல் இந்தியாவுக்குள் கொண்டுவந்த ஜிலேபிக் கெண்டை எந்தத் தண்ணீரிலும் பிழைத்துக்கொள்ளும். பிடிக்கலாம், குழம்பு வைக்க மனசு வராது.

மதுராந்தகம் பக்கம் குத்தகைக்கு நிலம் பிடித்து இது மூன்றாவது வருஷம். முதல் வருஷம் பேரன் லீவுக்கு வந்தான், கையில் ரீல் வைத்த பிளாஸ்டிக் தூண்டிலோடு. "தாத்தா, புழு எங்க கெடைக்கும்?" என்றான். "வயல்ல இல்லாத புழுவாடா?" என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். ஐந்து இடத்தில் வெட்டினேன். ஒரு புழுகூட இல்லை. மண் கட்டி கட்டியாக, செங்கல் மாதிரி வந்தது. மண் பரிசோதனைச் சீட்டில் படித்திருந்தால்கூட அப்படி உறைத்திருக்காது.

அன்றிலிருந்து தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதேன். தொழுவுரம், அமுதக்கரைசல், வரப்போரம் இலைதழை மூடாக்கு. சென்னை நியூ காலேஜில் பணியாற்றிய மண்புழு அறிஞர் சுல்தான் அகமது இஸ்மாயில் உள்ளூர்ப் புழுவையே பெருக்கச் சொன்னவர். அந்தப் பேச்சைக் கேட்டு வெளிப்புழு எதுவும் வாங்கி விடவில்லை.

இந்தத் தை மாதம் பேரன் மறுபடி வந்தான். இந்த முறை மூங்கில் தூண்டில் நான் செய்தது. கொஞ்சம் கோணல்தான், தாத்தா கை எனக்கு வரவில்லை. மூடாக்கை விலக்கி ஒரு வெட்டு வெட்டினேன். ஏழு புழு! அவன் ஆசையாகக் கொட்டாங்குச்சியை நீட்டினான்.

எனக்கு மனசு வரவில்லை. மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, "போய் ஆயாகிட்ட கோதுமை மாவு பிசைஞ்சு வாங்கியாடா" என்றேன்.

மாவு உருண்டைக்கே இரண்டு கெண்டை மாட்டியது.