மங்கும் படமும் மறையும் புள்ளியும்

லுக்குட் வட்டாரத்தில் தோட்டப்புறம் விட்டுத் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல. ரப்பர் நின்ற நிலத்தில் ஒரு பகுதி செம்பனைக்குப் போயிற்று. மற்றொரு பகுதி வீடமைப்புக்குப் போயிற்று. லயங்கள் மறைந்தன. எஞ்சியவை சில நிழற்படங்கள். பால்வாளியோடு நிற்கும் பாட்டனார், கோயில் திருவிழாவில் கூடிய மக்கள், பள்ளிப் பிள்ளைகளின் வரிசை என அவை பெரும்பாலும் உள்ளங்கை அளவினவே. வீட்டில் ஒருவர் மறைந்தால், கருமாதிக்குள் அச்சிறு படத்தைப் பெரிதாக்கி மாலையிட வேண்டும். அவ்வேளையில்தான் மேசை மூலையில் ஆண்டுக்கணக்காகக் கிடக்கும் வண்ண அச்சுப்பொறியின் நினைவு வருகிறது. அது தரும் படத்திலோ மூதாட்டியின் முகம் பச்சை பூத்திருக்கும். நெற்றியின் குறுக்கே வெண்கோடுகள் ஓடும். பொறி கெட்டது என்று ஒதுக்குமுன், கெட்டது எது என்று அறிவது நலம். பல வேளைகளில் கெட்டது பொறியன்று.

இவ்வகைப் பொறி எழுத்தை அழுத்திப் பதிப்பதில்லை. மையைத் துளித்துளியாகத் தெளிக்கிறது. தெளிக்கும் தலையில் நூற்றுக்கணக்கான நுண்துளைகள் உண்டு. ஒரு துளையின் அகலம் ஏறத்தாழ 20 மைக்ரான், அதாவது தலைமயிரின் பருமனில் மூன்றில் ஒன்றோ நான்கில் ஒன்றோ ஆகும். துளியை வெளியேற்ற இருவழிகள் உள்ளன. எப்சன் பொறிகளில் மின்னழுத்தம் பட்டதும் வளையும் ஒருவகைப் படிகம் மையைத் தள்ளுகிறது. கேனன், எச்.பி. பொறிகளில் நுண்ணிய சூடேற்றி ஏறத்தாழ 300 பாகை வெப்பத்தைக் கணநேரம் தர, மை கொதித்து எழும் குமிழி துளியை வெளியே தள்ளுகிறது. 1977இல் கேனன் ஆய்வுக்கூடத்தில் சூடான பற்றவைப்புக் கோல் ஒன்று தற்செயலாக மையூசியின் மேல் பட, ஊசிமுனையிலிருந்து மை பீறிட்டதாம். அவ்வழி அந்நிறுவனத்துக்குப் புலப்பட்டது அப்படித்தான்.

முகம் பச்சையாவது ஏன்? படத்தின் நிறங்களெல்லாம் வான்நீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள் என்னும் மூன்று மைகளின் கலப்பால் வருவன. கருமை அவற்றுக்குத் துணை. கருஞ்சிவப்பு வராதபோது எஞ்சிய நீலமும் மஞ்சளும் கூடிப் பச்சையாகின்றன. நீலம் நின்றால் படம் செம்மஞ்சளாகும். மஞ்சள் நின்றால் ஊதா படியும். ஆகவே படத்தில் மிகுந்து தோன்றும் நிறத்தைக் கண்டு அம்மையைக் குறைக்க முயல்வது வீண். வராமற் போன மை எது என்பதே கேள்வி.

அதற்கு விடை தருவது துளைச் சோதனைத் தாள். பொறியின் பராமரிப்புப் பட்டியலில் அதற்கெனக் கட்டளை உண்டு. ஒவ்வொரு மையும் தனித்தனியே மெல்லிய கோடுகளாக அச்சாகும். கோடு அறுந்த இடம் அடைபட்ட துளையைக் காட்டும். மஞ்சட் கோடுகள் வெண்தாளில் கண்ணுக்கு எளிதில் புலப்படா. நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பின்னர் ஒருமுறை தலையைத் தூய்மை செய்யும் கட்டளை இட்டு, மீண்டும் சோதனைத் தாள் எடுக்க வேண்டும். இரு தாள்களையும் அருகருகே வைத்து நோக்குவதில்தான் நுட்பம் இருக்கிறது. அறுந்த இடங்கள் குறைந்திருந்தால் அடைப்பு கரைகிறது. இடம் மாறியிருந்தால் அடைப்பன்று. குழாயில் காற்றுப் புகுந்திருக்கிறது, அல்லது மை தீரும் நிலையில் உள்ளது. அதே இடங்கள் அப்படியே நின்றால் மை இறுகிவிட்டது, அல்லது அத்துளைகள் செயலிழந்துவிட்டன.

இங்கே பலர் செய்யும் பிழை பொறுமையின்மை. தூய்மைக் கட்டளையைப் பத்துமுறை அடுத்தடுத்து இடுவார்கள். ஒவ்வொரு முறையும் மை உறிஞ்சப்பட்டு, பொறியின் அடியிலுள்ள பஞ்சில் கழிவாகச் சேர்கிறது. மைக்கு வெள்ளி செலவாவது ஒருபுறம். பஞ்சு நிறைந்ததாகக் கணக்கு முடிந்ததும் சில பொறிகள் அச்சிடவே மறுக்கும். இரண்டு அல்லது மூன்று முறை செய்தபின் பொறியை அணைத்துவிட்டு ஓர் இரவு விடுவதே முறை. உலர்ந்த மையைப் புதிய மை மெல்ல ஊறவைக்கும்.

அடைப்புக்கு மூலம் பெரும்பாலும் அணைக்கும் பழக்கத்தில் இருக்கிறது. பொறியிலுள்ள பொத்தானை அழுத்தி அணைத்தால், தலை தன் இருப்பிடம் சென்று ரப்பர் மூடியின்மேல் அமரும். துளைகள் காற்றுப் படாமல் ஈரம் காக்கும். சுவரிலுள்ள விசையை நேரே அணைத்தால் தலை பாதிவழியில் மூடியின்றி நின்றுவிடக் கூடும். பள்ளியிலும் வீட்டிலும் விடுமுறைக்குமுன் எல்லா விசைகளையும் அணைப்பது நல்ல பழக்கமே. ஆயினும் பொத்தான் முதலில், சுவர் விசை பிறகு என்ற ஒழுங்கு வேண்டும். வாரம் ஒருமுறை சிறு வண்ணப்படம் ஒன்றை அச்சிடுவது, தூய்மைக் கட்டளைகளைவிட மலிவு.

இனி ஈரம். லுக்குட் கடலோரத்தை அடுத்த ஊர். ஆண்டு முழுதும் காற்றில் நீர்ப்பதம் மிகுதி. அது துளைகளுக்குத் தீங்கு செய்வதைவிடத் தாளுக்கே மிகுதியும் செய்கிறது. திறந்து கிடந்த படத்தாள் ஈரம் குடித்து வளையும். வளைந்த ஓரம் தலையில் உராய்ந்து கறை படும். மை தாளுக்குள் அளவுமீறிப் பரவி முகத்தின் கூர்மை கெடும். எஞ்சிய தாளை நெகிழிப் பையிலிட்டு இறுகக் கட்டித் தட்டையாக வைத்தால் போதும். தாளின் பளபளப்பான முகத்திலேயே அச்சிட வேண்டும் என்பதும், அத்தாளின் வகையைக் கணினியிலும் தெரிவிக்க வேண்டும் என்பதும் சொல்லத் தேவையற்றவை போலத் தோன்றும். எனினும் மை குளமாகத் தேங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் இவையே.

தமிழாசிரியர்க்கு இதில் தனிக் கவலை ஒன்று உண்டு. அடுத்தடுத்துச் சில துளைகள் அடைபட்டால், சிற்றெழுத்தில் முதலில் மறைவது மெய்யின் புள்ளி. ‘பல்’ என்பது ‘பல’ ஆகும். ‘மண்’ என்பது ‘மண’ ஆகும். வினாத்தாளில் அச்சானபடி மாணவன் படித்தால் பிழை அவனுடையதன்று. ஓலை கிழியுமென்று புள்ளியிடாது எழுதிய பழைய ஏட்டு வழக்கை இப்பொறி தானறியாது பின்பற்றுகிறது போலும்! ஈரத்தாளிலோ இதற்கு மாறாகப் புள்ளி விரிந்து எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். பளபளப்புத் தாளில் பெயர் பொறிக்கும்போது இன்னொரு சிக்கல்: பல பொறிகள் அத்தாளில் கருமையைத் தனி மையால் இடாமல் மூன்று நிறங்களைக் கலந்தே இடும். மூன்றும் ஒரே இடத்தில் விழாவிடில் எழுத்துக்கு வண்ண நிழல் தோன்றும். ‘தலை ஒழுங்கு’ என்னும் கட்டளை அதனைத் திருத்தும்.

தமிழ் அச்சு தாளோடும் மையோடும் போராடுவது புதிதன்று. 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறு பக்கச் சிறுநூல். தரங்கம்பாடியில் சீகன்பால்குவுக்கு ஜெர்மனியின் ஆலே நகரிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் அளவிற் பெரியவை. தாள் போதாமையால் உள்ளூரிலேயே சிற்றெழுத்து வார்த்து, 1715இல் புதிய ஏற்பாட்டை முடித்தனர்.

நெடுங்கோடுகள் இரட்டித்துத் தோன்றி, ஒழுங்குக் கட்டளையாலும் சீராகாவிடில், தலை ஓடும் பாதையில் உள்ள ஒளிபுகும் நாடாவில் மை அல்லது தூசு படிந்திருக்கலாம். அந்நாடாவைப் பார்த்தே பொறி தன் இடத்தை அறிகிறது. பொறியை அணைத்தபின், நாரில்லாத துணியைக் காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்து, இழுக்காமல் மெல்லத் துடைக்க வேண்டும். கொக்கியிலிருந்து கழன்றால் மாட்டுவது கடினம்.

தலையே செயலிழந்தால் நிலை வேறு. மைப்பெட்டியோடு தலையும் சேர்ந்துவரும் பொறிகளில் பெட்டியை மாற்றினால் தீரும். தலை நிலையாகப் பொருத்தப்பட்டிருந்தால், பழுது பார்க்கும் கூலி புதுப்பொறியின் விலையை நெருங்கும். பழையதை விடுவதே சிக்கனம். எப்பொறியானாலும், மூலப்படத்தை முதலில் நுணுக்கமாக வருடிக் கணினியில் ஒன்றும் வேறிடத்தில் ஒன்றுமாகச் சேமித்தபின் அச்சிடத் தொடங்குவது தக்கது. அச்சான படத்தை உடனே கண்ணாடிச் சட்டத்தில் அடைக்கக் கூடாது. ஒருநாள் உலரவிட வேண்டும். இல்லையேல் மையின் ஈரம் கண்ணாடியில் மூட்டமாகப் படியும். படம் அதில் ஒட்டினால் பிரிக்க இயலாது. படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே ஓரத்தில் அட்டைப் பட்டை வைத்து, வெயில்படாச் சுவரில் மாட்டினால் நிறம் நெடுநாள் நிற்கும்.