ஐந்து வயதில் பார்க்க வேண்டிய கொலஸ்ட்ரால்

ஸ்லொவேனியாவில் பள்ளிக்குப் போகும் முன்பு, ஐந்து வயதையொட்டி, குழந்தைகளைக் குழந்தைநல மருத்துவரிடம் அழைத்துச் செல்வார்கள். உயரம், எடை, கண், காது எல்லாம் பார்ப்பார்கள். கூடவே ரத்தத்தில் கொலஸ்ட்ரால் எவ்வளவு என்றும் பார்ப்பார்கள். சுமார் 20 லட்சம் பேர் வாழும் அந்தச் சிறிய நாடு 1995-ல் தொடங்கிய ஏற்பாடு இது. படிப்படியாக நாடு முழுக்கப் பரவியது. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் மொத்தக் கொலஸ்ட்ரால் சுமார் 230 மில்லிகிராமைத் தாண்டினால், தலைநகர் லியுப்லியானாவில் உள்ள குழந்தைகள் மருத்துவமனைக்கு அனுப்பி மரபணுப் பரிசோதனை செய்கிறார்கள். குடும்பத்தில் இளவயது மாரடைப்போ அதிகக் கொலஸ்ட்ராலோ இருந்தால், 190-ஐ ஒட்டிய அளவே அனுப்பப் போதும்.

ஓடியாடித் திரிகிற, ஒல்லியான ஐந்து வயதுக் குழந்தைக்குக் கொலஸ்ட்ராலா? சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் இங்கே கேள்வி குழந்தை என்ன சாப்பிட்டது என்பதல்ல. பெற்றோரிடமிருந்து என்ன வாங்கி வந்தது என்பது.

ரத்தத்தில் சுற்றும் எல்.டி.எல். எனும் கெட்ட கொலஸ்ட்ராலைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும் வேலையைக் கல்லீரல் செய்கிறது. அதற்காகக் கல்லீரல் செல்களின் மேற்பரப்பில் ஏற்பிகள் இருக்கின்றன. அவற்றை உருவாக்கும் மரபணுவில் ஒரு பிரதி தாயிடமிருந்தும் இன்னொன்று தந்தையிடமிருந்தும் வருகிறது. ஒன்றில் பிழை இருந்தால் நல்ல ஏற்பிகள் பாதியாகக் குறைந்துவிடும்; எல்.டி.எல். ரத்தத்திலேயே தங்கும். இந்தப் பரம்பரைக் கோளாறு ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. பிறந்த நாளிலிருந்தே ரத்தக் குழாய்ச் சுவரில் கொழுப்பு படியத் தொடங்குவதால், சிகிச்சை பெறாத ஆண்களில் சுமார் பாதிப் பேருக்கு 50 வயதுக்குள் இதய நோய் வந்துவிடுகிறது.

இரண்டு பிரதிகளிலும் பிழை இருந்தால் கதையே வேறு. 1968-ல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் மருத்துவமனையில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியும் எட்டு வயதான அவள் அண்ணனும் சேர்க்கப்பட்டிருந்தார்கள். கொலஸ்ட்ரால் 1,000 மில்லிகிராமைத் தொட்டிருந்தது. அந்த வயதிலேயே நெஞ்சுவலி. அவர்களைப் பார்த்த இளம் மருத்துவர்கள் மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டைனும் பின்னர் டல்லஸுக்குப் போய், அந்த ஏற்பியையே கண்டுபிடித்தார்கள். 1985-ல் மருத்துவ நோபல் பரிசு அவர்களைத் தேடி வந்தது.

அதற்கு முந்தைய ஆண்டு, இதே இரட்டைப் பிழையோடு பிறந்த, டெக்சாஸைச் சேர்ந்த ஸ்டார்மி ஜோன்ஸ் என்ற ஆறு வயதுச் சிறுமிக்குப் பிட்ஸ்பர்க்கில் தாமஸ் ஸ்டார்சல் குழுவினர் இதயத்தையும் கல்லீரலையும் ஒரே நேரத்தில் மாற்றினார்கள். உலகில் அப்படி நடந்தது அதுவே முதல்முறை. பழைய இதயம் கெட்டுப்போயிருந்ததால் புதிய இதயம். ஏற்பிகள் வேண்டுமே என்பதற்காகப் புதிய கல்லீரல். ஆயிரத்தைத் தாண்டியிருந்த கொலஸ்ட்ரால் வெகுவாக இறங்கியது. கோளாறின் இருப்பிடம் கல்லீரல்தான் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று தேவைப்படவில்லை. அவள் 1990-ல், 13 வயதில் இறந்தாள்.

தமிழ்நாட்டில் கவனிக்க வேண்டிய இடம் இது. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்திலேயே மணம் முடிக்கும் குடும்பங்களில், கணவன் மனைவி இருவருமே ஒரே பிழையைச் சுமக்கும் வாய்ப்பு அதிகம். அப்படி இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இரட்டைப் பிழை வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அந்தக் குழந்தைகளின் முழங்கை, முழங்கால், புட்டம், விரல் இடுக்குகளில் மஞ்சள் நிறக் கட்டிகள் தோன்றும். வலி இருக்காது. அதனால் பெற்றோர் முதலில் போவது பெரும்பாலும் தோல் மருத்துவரிடம். கட்டியை வெட்டி எடுப்பதோடு நின்றுவிடாமல், அன்றே ரத்தத்தில் கொழுப்பளவு பார்த்துவிட வேண்டும்.

ஒற்றைப் பிழையுள்ள குழந்தையிடமோ பெரும்பாலும் எந்த அடையாளமும் தெரியாது. குதிகாலுக்கு மேலே உள்ள தசைநார் தடிப்பது, கருவிழியைச் சுற்றி வெண்வளையம் விழுவது எல்லாம் பெரியவர்களான பிறகுதான். ரத்தம்தான் சொல்ல வேண்டும். எல்.டி.எல். இரண்டு முறை பார்த்தும் 190-க்கு மேல் இருந்தால், இந்தக் கோளாறு இருக்கவே அதிக வாய்ப்பு. பெற்றோரில் ஒருவருக்கு அதிகக் கொலஸ்ட்ராலோ, நெருங்கிய உறவில் இளவயது மாரடைப்போ இருந்தால் 160-லேயே சந்தேகப்பட வேண்டும். தைராய்டு குறைவு, சிறுநீரகக் கோளாறு, சில கல்லீரல் நோய்கள் ஆகியவையும் எல்.டி.எல்.லை ஏற்றும் என்பதால் அவற்றை முதலில் விலக்கியாக வேண்டும்.

எந்த வயதில் பார்ப்பது? அமெரிக்காவில் 2011-ல் வெளியான வழிகாட்டுதல் 9 முதல் 11 வயதுக்குள் எல்லாக் குழந்தைகளுக்கும் பார்க்கச் சொல்கிறது. பருவமடையும் ஆண்டுகளில் கொலஸ்ட்ரால் தானாகவே 10 முதல் 20 சதவீதம் வரை இறங்குவதால், அப்போது பார்த்தால் கோளாறு கண்ணில் படாமல் போகலாம். குடும்பத்தில் யாருக்காவது உறுதியாகியிருந்தால் 9 வயதுவரை காத்திருக்கவும் வேண்டியதில்லை.

இதில் தாய்மார்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ரிப்போர்ட் வந்ததும், "நீ நெய்யை ஊற்றி ஊற்றிக் கொடுத்தாய்" என்று வீட்டில் பழி விழும். உணவைச் சீராக்குவது அவசியம். ஆனால் உணவினால் வந்ததல்ல இது, உணவால் மட்டும் தீர்வதும் அல்ல. பொதுவாக 8 முதல் 10 வயதுக்குள், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை தொடங்கப்படுகிறது.

சின்னக் குழந்தைக்கு ஆயுள் முழுக்க மாத்திரையா என்ற அச்சத்துக்கு நெதர்லாந்திலிருந்து ஒரு பதில் இருக்கிறது. சிறுவயதில் ஸ்டாட்டின் தொடங்கிய 214 பேரை 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, முடிவை 2019-ல் வெளியிட்டார்கள். 39 வயதுக்குள் இதய ரத்தக்குழாய்ப் பாதிப்பு வந்தவர்கள் 1 சதவீதம். அதே கோளாறுள்ள அவர்களது பெற்றோரில், அதே வயதுக்குள் அது 26 சதவீதமாக இருந்தது. பெற்றோரில் 7 சதவீதத்தினர் அந்த வயதுக்குள் இதய நோயால் இறந்தும் போயிருந்தார்கள். பிள்ளைகளில் ஒருவரும் இல்லை.

பிரிட்டனில் தடுப்பூசிக்கு வந்த ஒன்று, இரண்டு வயதுக் குழந்தைகள் சுமார் 10,000 பேரின் குதிகாலில் குத்தி ஒரு துளி ரத்தம் எடுத்துப் பார்த்த ஆய்வு 2016-ல் வந்தது. 40 குழந்தைகளிடம் கோளாறு தெரிந்தது. அவர்கள் வழியாக 40 பெற்றோரும் கண்டறியப்பட்டார்கள். தடுப்பூசி போடப் பிள்ளையைத் தூக்கி வந்த இளம் அப்பாக்களாலும் அம்மாக்களாலும், மாரடைப்பு வரும் வயதுக்கு முன்பே சிகிச்சையைத் தொடங்க முடிந்தது.