கலபார் கொட்டையும் கொசு மருந்தும்

டிங்கிக் காய்ச்சல் பரவும் காலத்தில் நம் குடியிருப்புக்குப் புகை அடிக்க வருகிறார்கள். நாமும் சோற்றுப் பானையை மூடிவைத்துவிட்டு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் போய் நிற்கிறோம். அந்தப் புகை கொசுவின் உடம்புக்குள் போய் எதைக் கெடுக்கிறது என்று நீங்கள் எண்ணிப் பார்த்ததுண்டா? பல இடங்களில் புகையில் கலக்கப்படும் மாலத்தியான் என்னும் மருந்துக்கு நீண்ட பூர்வோத்திரம் இருக்கிறது. அது ஆப்பிரிக்காவில் ஒரு கொட்டையிலிருந்து தொடங்குகிறது.

இன்றைய நைஜீரியாவின் தென்கிழக்கில் கலபார் என்ற ஊர் உள்ளது. அங்கு வாழும் எஃபிக் இனத்தார் முற்காலத்தில் குற்றம் சாட்டப்பட்டவனை விசாரிக்க ஒரு கொடியில் காய்க்கும் கொட்டையைத் தின்னக் கொடுப்பார்களாம். வாந்தி எடுத்துப் பிழைத்தால் நிரபராதி. செத்தால் குற்றவாளி. மனத்தில் களங்கம் இல்லாதவன் மடக்கென்று விழுங்குவான், அதனால் வாந்தி வரும். குற்றவாளி பயந்து பயந்து மெல்லுவான், விஷம் ஏறிவிடும் என்று இதற்கு ஒரு விளக்கமும் சொல்வார்கள். நிரபராதிக்கு மட்டும் பயம் இருக்காதா என்ன?

1855ஆம் ஆண்டில் எடின்பரோ நகரத்துப் பேராசிரியர் ராபர்ட் கிறிஸ்டிசன் இந்தக் கொட்டையில் ஒரு துண்டைத் தாமே தின்று பார்த்தார். உடம்பு தள்ளாடத் தொடங்கியதும், முகம் மழித்த சோப்புத் தண்ணீரை எடுத்துக் குடித்து வாந்தி எடுத்தார். உயிர் தப்பியது. பிறகு அதே நகரத்து மருத்துவர்கள், இது கண்ணின் பாவையைச் சுருக்குகிறது என்று கண்டார்கள். 1864இல் ஜெர்மானியர்கள் அதன் சத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதற்கு பைசோஸ்டிக்மின் என்றும் எசெரின் என்றும் இரண்டு பெயர்கள்.

எசெரின் உடம்பில் எதைத் தடுக்கிறது என்பது அப்போது எவருக்கும் தெரியாது. அது தெரிய அறுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

நம் உடம்பில் உள்ள உயிரணுக்கள் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்கின்றன. நரம்பு தசையைப் பார்த்து ‘சுருங்கு’ என்கிறது, இருதயத்தைப் பார்த்து ‘மெதுவாக அடி’ என்கிறது. இந்தப் பேச்சு மின்சாரமா, ரசாயனமா என்று அறிஞர்கள் வெகுகாலம் வாதாடினார்கள். 1921இல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஆட்டோ லோவி என்பவர் தவளையின் இருதயத்தை உப்பு நீரில் இட்டு, அதன் நரம்பைத் தூண்டினார். துடிப்பு மெதுவாயிற்று. அந்த நீரை எடுத்து இன்னொரு தவளையின் இருதயத்தில் விட்டார். அதுவும் மெதுவாயிற்று! நரம்பு ஏதோ ஒரு பொருளை நீரில் விட்டிருக்க வேண்டும் அல்லவா? இந்தச் சோதனையே லோவிக்குக் கனவில் தோன்றியது என்பார்கள். முதல் நாள் நள்ளிரவில் எழுந்து கிறுக்கி வைத்ததை விடிந்ததும் அவராலேயே படிக்க முடியவில்லை. மறுநாள் இரவும் அதே கனவு வர, எழுந்து நேரே சோதனைச்சாலைக்கே போய்விட்டார்.

அந்தப் பொருள்தான் அசிட்டைல்கோலின். அதைப் பிடிப்பதோ பெரும்பாடு. தோன்றிய நொடியிலேயே அழிந்துபோகும். அதை அழிக்கும் என்சைம் ஒன்று உடம்பிலேயே இருப்பதையும், எசெரின் அந்த என்சைமின் கையைக் கட்டிப்போடுவதையும் லோவி 1926இல் காட்டினார்.

தடுப்பான் என்னும் மருந்தின் பயன் இங்கேதான் விளங்குகிறது. தண்ணீர்த் தொட்டி ஒன்றில் குழாய் சொட்டுச் சொட்டாக ஒழுகுகிறது, அடியில் ஓட்டையும் இருக்கிறது என்று வையுங்கள். தொட்டி எப்போதும் காலியாகவே இருக்கும். ஓட்டையை அடையுங்கள், சொட்டு நீர் சேர்ந்து கண்ணுக்குத் தெரியும். எசெரின் ஓட்டையை அடைத்தது, அசிட்டைல்கோலின் அகப்பட்டது. இன்றும் புற்றுநோய் முதலிய எந்த நோயை ஆராய்பவரும் இதே வழியைக் கையாளுகிறார். உயிரணுவின் வேலைகளில் ஒன்றை மட்டும் தடுத்துவிட்டு, எது நிற்கிறது, எது பெருகுகிறது என்று பார்க்கிறார்.

அடுத்த கட்டத்தில் சாட்சிக்கு வந்தது அட்டை. ஆம், மழைக்காலத்தில் காலில் ஏறும் அதே இனந்தான். அட்டையின் தசையை எசெரின் நீரில் ஊறவைத்தால், மிகச் சிறிய அளவு அசிட்டைல்கோலின் பட்டாலும் சுருங்கிக் காட்டும். வில்ஹெல்ம் ஃபெல்ட்பெர்க் என்ற யூத அறிஞரை 1933இல் ஹிட்லர் ஆட்சி பெர்லினிலிருந்து விரட்டியது. அவர் இந்த வித்தையை லண்டனுக்குக் கொண்டுபோய் ஹென்றி டேல் என்பவரோடு சேர்ந்து வேலை செய்தார். தசைக்கு நரம்பு அனுப்பும் செய்தியும் அசிட்டைல்கோலினே என்பது உறுதியாயிற்று. 1936இல் டேலும் லோவியும் நோபெல் பரிசு பெற்றார்கள். இரண்டே ஆண்டில் லோவியைச் சிறையில் தள்ளி, பரிசுப் பணத்தைப் பறித்துக்கொண்டுதான் நாட்டை விட்டுப் போகவிட்டார்கள்.

மேரி வாக்கர் என்னும் பெண் மருத்துவரை இங்கே சொல்லாமல் விடக்கூடாது. அவர் லண்டனில் கிரீனிச் வட்டாரத்து மருத்துவமனை ஒன்றில் பணியாற்றினார். தசைகள் சோர்ந்து, இமை தொங்கி, விழுங்கவும் முடியாமல் போகும் மயஸ்தீனியா என்னும் நோய் உண்டு. அது தென்னமெரிக்கரின் குராரே அம்பு விஷம் ஏறியது போல இருக்கிறதே என்ற பேச்சு எழுந்தது. குராரேவுக்கு மாற்று எசெரின் என்பது வாக்கருக்குத் தெரியும். 1934இல் நோயாளிக்கு அதை ஊசியில் ஏற்றினார். தொங்கிய இமை மேலே எழுந்தது. ஒருகாலத்தில் ஆளைக் கொன்ற கொட்டை, கண்ணைத் திறந்து வைத்தது!

ஆனால் அதே தடுப்பு அளவு மீறினால் என்ன ஆகும்? 1936இல் ஜெர்மனியில் கெர்ஹார்ட் ஷ்ரேடர் என்ற ரசாயன நிபுணர் பயிர்ப் பூச்சிகளைக் கொல்ல மருந்து தேடினார். அவர் செய்த பொருள் அவருக்கே பார்வையை மங்கவைத்து மூச்சை முட்டச் செய்தது. அதுதான் டாபுன் என்னும் நரம்பு விஷம். எசெரின் சில மணி நேரத்தில் பிடியை விட்டுவிடும், இந்தக் குடும்பத்து விஷங்கள் எளிதில் விடுவதில்லை. 2017ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள் கோலாலம்பூர் விமான நிலையத்தில் வடகொரியத் தலைவரின் அண்ணன் முகத்தில் பூசப்பட்டதே வி.எக்ஸ்., அதுவும் இந்த வம்சமே.

மாலத்தியானும் தூரத்து உறவுதான். ஆனால் மனித உடம்பு அதை விரைவில் உடைத்துத் தீங்கற்றதாக்கிவிடும். கொசுவால் அப்படி முடியாது. ஆகவே புகையைக் கண்டு நடுங்க வேண்டியதில்லை. நான் அஞ்சுவது புகைக்கு அல்ல, முதுகில் பம்பைச் சுமந்து பூச்சி மருந்து அடிப்பவர்களுக்காகவே. பல காலத்துக்கு முன் எங்கள் பக்கத்தில், மருந்தடித்துத் திரும்பிய ஓர் அம்மாளுக்கு வியர்த்துக் கொட்டி, வாயில் எச்சில் ஊறிற்று. வெயில் தலைக்கேறிவிட்டது என்று மோர் கொடுத்துப் படுக்க வைத்தார்கள். தெய்வாதீனமாக, வழியே வந்த டிரெசர் அவருடைய கண்பாவை ஊசிமுனை போல் சுருங்கியிருப்பதைப் பார்த்து வண்டி வரவழைத்தார்.

வாசகர்களே, வீட்டில் மருந்தடிப்பவர் இருந்தால் இதை மனத்தில் வையுங்கள். வியர்வை, எச்சில், கண்ணீர், வயிற்றுப்போக்கு, தசைத் துடிப்பு, சுருங்கிய கண்பாவை, மூச்சுத் திணறல் ஆகியவை சேர்ந்து வந்தால் அது வெயில் அல்ல. அழிய வேண்டிய அசிட்டைல்கோலின் அழியாமல் உடம்பெங்கும் தேங்கி நிற்கிறது. உடனே உடுப்பைக் கழற்றி, தோலைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கழுவுகிறவர் கையுறை போட்டுக்கொள்ளட்டும். புளித்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மருத்துவமனைக்குக் கொண்டுபோகும்போது மருந்துப் போத்தலின் லேபிளையும் எடுத்துச் செல்லுங்கள். அங்கே அட்ரோபின் ஊசி போடுவார்கள். அது அசிட்டைல்கோலின் போய்ச் சேரும் இடத்தில் குறுக்கே நின்றுகொள்ளும். நம் ஊமத்தையிலும் அட்ரோபின் உண்டு என்று யாராவது கைவைத்தியம் சொன்னால் கேட்காதீர்கள். ஊமத்தையில் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க முடியாது, அதுவே ஆளைக் கொன்றுவிடும்.

லேபிள் எதற்கு என்றால், எல்லா மருந்தும் ஒன்றல்ல. நம் நாட்டில் 2020இல் தடை செய்யப்பட்ட பாராகுவாட் புல் மருந்து வேறு வகை. அது நுரையீரலை அரிக்கும், அட்ரோபின் அதற்குப் பயன்படாது.

தொடர்ந்து பூச்சி மருந்து அடிப்பவர்களின் இரத்தத்தில் அந்த என்சைம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம். ஆனால் ஆளுக்கு ஆள் இயல்பான அளவே மாறுபடும். ஆகவே வேலையில் சேருமுன் ஒருமுறை இரத்தம் எடுத்து அளவைக் குறித்து வைத்தால்தான் பிற்பாடு ஒப்பிட முடியும். புதிதாகப் பம்பு தூக்குகிறவர்கள் டிரெசரிடமோ கிளினிக்கிலோ இதை வாய்விட்டுக் கேளுங்கள்.