கண்ணாடி வீட்டுச் சோதனையும் அதன் கணக்கும்

கண்ணாடி வீட்டினுள் வெப்பம் எங்கும் ஒரே அளவினதன்று. விசிறிக்கு அருகிலுள்ள மேடை குளிரும், கோடி மேடை காயும். ஆகவே மேடை ஒவ்வொன்றையும் ஒரு தொகுதியாக்கி, அதனுள் ஐந்து உர அளவுகளையும் சீட்டுக் குலுக்கி அமைப்பர். ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் ஃபிஷர் 1920-களில் வகுத்த முறை இது.

மேடைகள் நான்காயின் தொட்டிகள் 20. மாறுபாட்டுப் பகுப்பாய்வில் மொத்த வரையற்ற பாகைகள் 19. தொகுதிக்கு 3, உரத்துக்கு 4 போகப் பிழைக்கு எஞ்சுவன 12. தொகுதி வேறுபாடு சிறிதெனக் கண்டபின் அந்த 3-ஐப் பிழையுடன் சேர்த்தல் முறையன்று. இரண்டே உரங்களாயின் இணை டி-சோதனை போதும், விடை மாறாது.

தொட்டிக்கு மூன்று செடிகளை அளந்து, 60 அளவுகள் கிடைத்தன என மகிழ்வோர் உளர். உரம் இடப்பட்டது தொட்டிக்கே; ஒரே மண்ணில் வளர்ந்த மூன்றும் மூன்று சாட்சிகளாகா. அவற்றின் சராசரியையே ஓர் அளவாகக் கொள்க. இன்றேல் பயனற்ற உரமும் பயனுடையதாகத் தோன்றி உழவரின் கைப்பொருளைக் கரைக்கும்.