பொக்லைன் வயிற்றுக்குள் ஒரு ரவுண்டு

பார்த்துக் காலை வையுங்கள், தரையெல்லாம் ஆயில்! சங்ககிரி பைபாஸ் ஓரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு பட்டறை. தெருவில் பொக்லைன் பள்ளம் தோண்டினால் போகிற வேலையை விட்டுவிட்டு நின்று வேடிக்கை பார்ப்பவர்கள்தானே நாம்? இன்றைக்கு அதைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். உள்ளே வரச் சொல்லியும் விட்டார்கள்!

வந்திருப்பது 20 டன் வண்டி. "ஏனுங்ணா, பூம் சரியா தூக்குது, பக்கெட் மடங்குது, ஆர்ம் மட்டும் தூங்குது" என்கிறார் ஆபரேட்டர். மெக்கானிக் அண்ணனிடமிருந்து பதில் இல்லை. வண்டிக்கு மேலே குப்புறப் படுத்திருக்கிறார். நமக்குத் தெரிவது இரண்டு கால்களும் ஒரு கிழிந்த செருப்பும் மட்டும். உள்ளிருந்து குரல் வருகிறது: "கேஜ் எடுடா!"

பொடியன் ஓடிப்போய் பிரஷர் கேஜை மாட்டுகிறான். ஆபரேட்டர் லீவரை இழுத்ததும் முள் துள்ளி 40 கிலோவில் நிற்கிறது. எனக்குப் பெரிய ஏமாற்றம். அந்தக் கையை லீவர்தான் ஆட்டுகிறது என்று இத்தனை நாள் நம்பியிருந்தேன். அது ஆட்டுவதில்லையாம். இந்த 40 கிலோ பிரஷர் பைலட் ஆயிலை ஒரு பெரிய வால்வுக்கு அனுப்புவதோடு அதன் வேலை முடிந்தது. அந்த வால்வு திறந்துவிட்டால்தான் 350 கிலோ வரை பிரஷர் ஏறும் மெயின் ஆயில் சிலிண்டருக்குள் பாய்ந்து ஆர்மைத் தள்ளும்.

"லீவர்ல தப்பில்லைங்க சார். உத்தரவு போகுது, ஆபீஸ்லதான் ஃபைல் நகரல" என்கிறார் அண்ணன். பட்டறையே சிரிக்கிறது.

நகராத ஃபைல் வெளியே வருகிறது: அந்தப் பெரிய வால்வுக்குள் இருக்கும் ஸ்பூல். கண்ணாடி போல மின்னும் உருக்குத் தண்டு, நடுநடுவே பள்ளம். அது உட்காரும் துளைக்கும் அதற்கும் நடுவே முடி நுழையாது. ஹோஸுக்குள்ளிருந்து உதிர்ந்த ரப்பர் துணுக்கு ஒன்று ஓரத்தில் ஒட்டியிருக்கிறது. கடுகளவுகூட இல்லை. அதுதான் 20 டன்னை மடக்கிப் போட்டிருக்கிறது! பொடியன் ஆர்வமாகப் பனியன் வேஸ்ட்டோடு வர, அண்ணன் பாய்கிறார்: "அதுல உன் கையைத் துடை. இதைத் தொட்டே, நூல் உள்ள போயிரும்!" டீசலில் அலசி, கம்பிரஸர் காற்றடித்து, புது ஆயில் தடவித் துளையில் நிறுத்துகிறார். யாரும் தள்ளாமலே, தன் கனத்தில் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது ஸ்பூல். விசிலடிக்கத் தோன்றியது. அடக்கிக்கொண்டேன்.

ஹோஸில் கசிவு பார்க்க அட்டைப்பெட்டித் துண்டு ஒன்றை வைத்து நகர்த்துகிறார்கள். கையால் தடவினால் ஊசி போலப் பீறும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடுமாம். நான் கையைப் பையில் போட்டுக்கொண்டேன்.

டீ வருகிறது. கேபினுக்குள் ஏறிப் பார்க்கலாம், வாருங்கள். அடுப்புச் சூடு! முருகன் படம், காய்ந்த எலுமிச்சை, வியர்வைத் துண்டு, வழவழப்பாகத் தேய்ந்த லீவர் குமிழ். ஜேசிபி கம்பெனியைத் தொடங்கிய ஜோசப் சிரில் பாம்ஃபோர்ட், ஒரு மாடலின் கேபினில் டீ கெட்டிலுக்கு ப்ளக் வைத்து, முதலில் வாங்கிய 100 பேருக்குக் கெட்டிலைத் தானே கொண்டுபோய்க் கொடுத்தாராம். இங்கே அந்த வேலையைத் தூக்குச் சட்டி பார்க்கிறது.

வெளியே ஒரு தகராறு. இந்த வண்டியில் பூம் வலது கையில், ஆர்ம் இடது கையில். ராத்திரி ஷிஃப்ட்காரர் அப்படியே தலைகீழாகப் பழகியவர். "மாத்திக் குடுங்ணா" என்று அவர் கேட்க, "மாத்தினா நான் செவுத்தை இடிச்சிருவேன்" என்கிறார் நம் ஆபரேட்டர். நான்கு ஹோஸை இடம் மாற்றினால் ஆயிற்று. ஆனால் யாருடைய கைக்கு? முதலாளிக்கு போன் போகிறது.

இப்போது டெஸ்ட். சிவப்பு லாக் லீவரை இறக்கினால்தான் பைலட் ஆயிலே ஓடும். அதுவரை லீவரை எப்படி ஆட்டினாலும் வண்டி அசையாது. தரையில் பாதி திறந்த தீப்பெட்டி ஒன்றை வைக்கிறான் பொடியன். பக்கெட் பல் மெல்ல இறங்கி, தயங்கி, தட்டை உள்ளே தள்ளி மூடுகிறது. பெட்டி நசுங்கவில்லை! கைதட்டியது நான் மட்டும்தான். மற்றவர்களுக்கு இது தினப்படி வேலை.

அண்ணன் கை கழுவப் போகிறார். கேபினிலிருந்து தலை நீட்டுகிறார் ஆபரேட்டர்.

"ஆர்ம் சூப்பருங்ணா. ஆனா லீவர்ல ஹாரன் பட்டன் இருக்குதுல்ல, அது அடிக்கலீங்ணா."

"இதை ஏன்டா காலைலயே சொல்லல?"

"இப்பத்தானுங்ணா அமுக்கிப் பாத்தேன்."